மறந்து சாப்பிட்டால் முறியாது

மதுரை டாக்டர் எலிகளைப் பற்றிச் சொன்ன நாளோடு என் கடையில் எலிப்பொறி வைப்பதை நிறுத்திவிட்டேன். ராஜபாளையத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பெல்ட், வாஷர், கெப்பாசிட்டர் என்று சாமான் நிறைந்த கடை. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் எலிகள் குடும்பம் நடத்துவதும், நான் பொறி வைப்பதும் வருஷக்கணக்காக நடந்துவந்த சங்கதி. பொறியைத் தூக்கிப் பரணில் போட்டதைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர், "என்ன பாய், திடீர்னு ஜீவகாருண்யம்?" என்று சிரித்தார். என் பெண்டாட்டியின் பிழைப்பே இப்போது ஒரு எலியை நம்பித்தான் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? சும்மா சிரித்துவைத்தேன்.

அது ஆராய்ச்சிக்கூடத்து எலி. மூளை செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நச்சை முதலில் அதற்குக் கொடுக்கிறார்களாம். பிறகு ஒரு தொட்டித் தண்ணீரில் விடுவார்களாம். தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சின்ன மேடை இருக்கும். நல்ல எலி ஒரு தடவை அதைக் கண்டுபிடித்துவிட்டால் மறுநாள் நேரே அங்கே நீந்திப்போய் ஏறி நின்றுகொள்ளும். மூளை கெட்ட எலி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் புது மருந்தைச் சாப்பிட்ட எலிகள், நச்சு உள்ளே போன பிறகும், மேடையை மறக்கவில்லை. "செத்த செல்லை இந்த மருந்து திரும்பக் கொண்டுவராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தும்னு நம்புறோம்" என்றார் டாக்டர். 'நம்புறோம்' என்பதை நான் காதிலேயே வாங்கவில்லை. 'காப்பாத்தும்' என்பது மட்டும்தான் விழுந்தது.

என் மனைவி கணக்கு டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம் பேப்பர் கட்டோடு வந்து இறங்குவாள். வரும் வழியில் கடைக்குள் ஒரு எட்டு வந்து, நான் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் பில்லின் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். "இதுக்கு எதுக்குங்க மெசினு?" என்பாள். வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்கு மானம் போகும். ஆனாலும் அவள் போன பிறகு ஒரு பெருமை இருக்கும்.

அவள் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் கிருஷ்ணன்கோவில் வரை போய்விட்டாள். தெரிந்த கண்டக்டர்தான் எதிரே வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் முந்தாநாளும் நேற்றும் இன்றும் நடத்துகிறாள் என்றும், பிள்ளைகள் பாவம் பார்த்து வாய் திறக்காமல் புதிதாகக் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைப்பளு அதிகம் கொடுத்தால் யாருக்குத்தான் மறக்காது என்று அந்த அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அல்சைமர் என்றார்கள். வயசாளிகளுக்கு வருகிற நோய், ரிட்டயர் ஆகவே இன்னும் வருஷம் கிடக்கும் இவளுக்கு எதற்கு?

மோட்டாரில் செம்புக்கம்பிக் காயில் எரிந்தால் பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசாகச் சுற்றிவிடலாம். இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், எரிந்துபோனதற்காகக் கவலைப்படாதீர்கள் என்று. இங்கே எரிந்ததை யாராலும் சுற்ற முடியாது. அதனால்தான் அந்த ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள், ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தவுடனே, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள், "அத்தா, முழுசா விசாரிச்சுட்டுச் செய்யுங்க" என்று சொல்லச் சொல்ல நான் சம்மதம் சொல்லிவிட்டேன். விசாரிக்க அவளுக்கு நேரம் இருந்தது. எனக்கு இல்லை.

சேர்ந்த பிறகுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கடைச் சரக்கு ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று தெரியாத வியாபாரி எங்கேயாவது உண்டா? "தெரிஞ்சா எங்க மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்ங்க. அதனாலதான்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். நல்ல மனுஷன். என்னிடம் அவ்வளவு பேச்சு வாங்கியும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பரிசோதனை முடிந்ததும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நிஜ மருந்து கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையை அவளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் நக்கிப் பார்த்தேன். கசந்தது. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மருந்துதான் கசக்கும், மாவா கசக்கும்? அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். வெறும் மாத்திரையையும் கசப்பாகத்தான் செய்கிறார்களாம், என்னைப் போல் நக்கிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள் என்று.

மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகசக்திப் பரீட்சை உண்டு. ஒரு பெண் எதிரே உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்பாள். சில சொற்களைச் சொல்லிவிட்டு, செத்த நேரம் வேறு பேசிவிட்டு, அவற்றைத் திரும்பக் கேட்பாள். முதல் தடவை தேர், கிளி, வெங்காயம், கத்தி என்று கேட்டதில் கிளியைத் தவிர என் மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது தொண்ணூற்று மூன்றோடு நின்று, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளை பார்க்கிற பார்வை. அவள் வாழ்க்கையில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

அடுத்த தடவைக்கு நான் அவளைத் தயார் செய்தேன். இதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. ராஜபாளையத்தில் கார் புறப்பட்டதும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"இன்னொரு தடவ சொல்லு."

"தேரு, கிளி, வெங்காயம், கத்தி."

"இன்னொரு தடவ."

"மனப்பாடம் பண்ணாதீங்க, புரிஞ்சு படிங்கன்னு பிள்ளைகள்ட்ட தொண்ட கிழியக் கத்துவேன். என்னையவே மனப்பாடம் பண்ண வைக்கிறீகளே" என்றாள். அந்த மாதிரி ஒரு வாக்கியம் முழுசாக அவள் வாயிலிருந்து வந்தால் எனக்குப் போதும், மருந்து வேலை செய்கிறது என்று மனசு துள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் கதவுப் பிடியில் கை வைத்து, "நிறுத்துங்க, பெல் அடிச்சிருவாக" என்பாள். இன்று லீவு என்பேன். நம்பிக்கொள்வாள்.

அந்தத் தடவை பரீட்சையில் சொற்களை மாற்றிவிட்டார்கள். குடை, பால், ஊசி என்று ஏதோ சொன்னார்கள். திரும்பக் கேட்டபோது என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, "தேர், கிளி, வெங்காயம், கத்தி" என்று ஒப்பித்தாள். அந்தப் பெண் எல்லாம் தப்பு என்று எழுதிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "ஞாபகம் இருக்கான்னுதானம்மா பாக்குற? போன தடவ கேட்டதையே சொல்றா. இதுக்கு மேல என்ன ஞாபகம் வேணும் ஒனக்கு?" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து அமுக்கி, "விடுங்க, சின்னப் பிள்ள" என்றாள்.

கடைசியில் என்னிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று. "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கா" என்பேன். எங்கள் வீடுகளில் உயிர் போகிற வலியில் கிடப்பவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இறைவன் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த வாய். அந்தப் பெண்ணும் நன்றாக இருப்பதாகவே பல தடவை எழுதிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் கவனித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "பாய், இது நலம் விசாரிக்கிறது இல்ல. உள்ளதச் சொல்லணும்" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். குளியலறைக்குப் போக வழி தெரியாமல் பீரோவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். கண்ணாடியில் தெரிகிற பெண்ணிடம் யார் நீ என்று சண்டை போடுகிறாள். என்னைச் சில நாள் 'சார்' என்று கூப்பிடுகிறாள், யாரோ பள்ளிக்கூடத்து ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சொல்லி முடித்தபோதுதான் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது எனக்கே தெரிந்தது.

அதுவரைக்கும் ஐந்து வேளைத் தொழுகையிலும் என் துஆ ஒன்றுதான். யா அல்லா, அவளுக்குக் கிடைத்தது நிஜ மருந்தாக இருக்கட்டும். அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்பும்போது என் துஆ தலைகீழாக மாறிவிட்டது. அது வெறும் மாத்திரையாக இருக்கட்டும். வெறும் மாத்திரை என்றால் நிஜ மருந்து இனிமேல்தான் வரும். இனிமேல் என்று ஒன்று எங்களுக்கு இருக்கும். கையேந்திக்கொண்டு, என் மனைவி ஏமாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்ட புருஷன் நானாகத்தான் இருப்பேன். வேறு வழி தெரியவில்லை.

பரிசோதனை முடிய இன்னும் காலம் இருக்கும்போதே டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கம்பெனி எல்லா ஊரிலும் நிறுத்தச் சொல்லிவிட்டதாம். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் வீட்ல சாப்பிட்டது எது டாக்டர்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே சொன்னார். "நிஜ மருந்துதான் பாய். முதல் நாள்லருந்து."

அப்போது நான் கேட்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. "அப்ப டோஸக் கூட்டிக் குடுங்க" என்றேன். கெஞ்சினேன். மிச்சம் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் எனக்கே கொடுத்துவிடுங்கள், என்ன ஆனாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். கடைசியாக, "அந்த எலிகளுக்கு மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சு?" என்று கேட்டேன். எலி மூளை வேறு, மனித மூளை வேறு என்றார். அந்த எலிகள் இப்போது என்ன செய்கின்றன என்றும் கேட்டுத் தொலைத்தேன். சோதனை முடிந்ததும் அவற்றைக் கொன்று மூளையை அறுத்துப் பார்ப்பார்களாம், செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று. மேடையைச் சரியாகக் கண்டுபிடித்த எலிக்கும் அதே கதிதான்.

அன்று சாயங்காலம் கடையைத் திறந்து, ஆத்திரத்தில் பரணிலிருந்து பொறியை எடுத்துத் துடைத்தேன். வைக்க மனசு வரவில்லை. திரும்பப் பரணிலேயே போட்டேன்.

அதன் பிறகு ரமலான் வந்தது. அவளுக்கு நோன்பு வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், "அவங்களுக்குக் கடமையே இல்ல, பாய். நல்லா சாப்பிடக் குடுங்க" என்றார். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதிரே இருப்பவர் சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவாள். காலையில் நான் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோவேன். "நீங்க சாப்பிடலையா?" என்பாள். நான் நோன்பு என்பேன். "அப்ப எனக்கும் நோன்புதான்" என்று உதட்டை இறுக மூடிக்கொள்வாள். மகள் பெயர் மறந்துவிட்டது. வீடு மறந்துவிட்டது. நோன்பு என்ற சொல் மட்டும் எங்கே போய் ஒட்டிக்கொண்டு இருந்ததோ தெரியவில்லை. நோன்பு திறக்கும்போது என்னோடு கொஞ்சம் கஞ்சி குடிப்பதோடு சரி. ஆள் துரும்பாகிக்கொண்டே வந்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மூளை காப்பாற்றுகிற மருந்தைத் தேடி அலைந்தவன், கடைசியில் ஒரு வாய் சோறு உள்ளே போகாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் சின்னப் பிள்ளையில் முதல் நோன்பு பிடித்த அன்று, நடுப்பகலில் முறுக்கைக் கடித்துவிட்டு ஓவென்று அழுதது ஞாபகம் வந்தது. நோன்பு போச்சே என்று கூப்பாடு போட்டாள். என் மனைவி அவள் வாயைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, மறந்து தின்னா முறியாது. அது அல்லா ஊட்டுனது. அழாத" என்றாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். மறந்து சாப்பிடுகிறவர் பலவீனமானவர் என்றால், நோன்பு என்று ஞாபகப்படுத்தாமல் அவர் பசியாறும்வரை விட்டுவிட வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்வார். தெரிந்தே சாப்பிட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் மாதக்கணக்கில் ஈடு நோன்பு பிடிக்க வேண்டும்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்த அம்மா, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் சொந்தக்காரர் இறந்த துட்டிக்குப் போயிருந்தார். அந்த வாரம் நானே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வந்து பார்த்தால், அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, முந்தின ராத்திரி மிஞ்சிய சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். முள்ளை ஒழுங்காக எடுத்து ஓரத்தில் வைத்திருக்கிறாள். எவ்வளவு நாளுக்குப் பிறகு! நான் மூச்சுக்கூட விடாமல் வாசல்படியில் நின்றேன். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளே என்று பின்வாங்கப் பார்த்தேன். அதற்குள் நிமிர்ந்துவிட்டாள்.

"சார், வாங்க. சாப்பிடுங்க" என்றாள்.

"நீங்க சாப்பிடுங்க டீச்சர். நான் சாப்பிட்டுட்டேன்" என்றேன். அவளுக்கு ஆபீசராக இருக்க நான் பழகியிருந்தேன்.

"அதெல்லாம் இல்ல. வந்தவுக சாப்பிடாம நான் எப்படித் திங்கிறது?" என்று தட்டைத் தள்ளினாள். கையை உதறிவிட்டு எழப் பார்த்தாள். எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தேன். தட்டை அவள் பக்கம் இழுத்துவைத்தேன். அவள் ஒரு கவளத்தை உருட்டி, முள் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, என் முன்னால் நீட்டினாள்.

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. நோன்பு ஞாபகம் இருந்தது, சட்டம் ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தேன். அவளும் ஒரு வாய் சாப்பிட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று தட்டு முழுக்கக் காலியாயிற்று. என் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குழம்பு உறைக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, செம்பை என் பக்கம் நகர்த்தினாள். அதையும் குடித்தேன்.

பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் வழக்கம்போல் இடது கையால் முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டாள். பாங்கு முடியும் மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு காலித் தட்டைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள்.

மாதக்கணக்கில் நான் கேட்காத சொல். ஆபீசரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

"ஏங்க, நோன்புல்ல இன்னைக்கு? சாப்பிட்டுட்டீகளே!"

பேசினால் அவள் திரும்பவும் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. அவள் சோற்றுக்கை படாமல் புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"மறந்துட்டீகளா?"

"ஆமா" என்றேன். "மறந்துட்டேன்."

"அதுக்குப் போயி அழுவாகளா? மறந்து சாப்பிட்டா முறியாது. அல்லா ஊட்டுனது" என்றாள். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் சரியாகப் போனாள். அங்கிருந்தே, டீச்சர் குரலில், "வாயக் கொப்புளிங்க. பொறவாவது ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்றாள்.

"சரி, வச்சுக்கிடுறேன்" என்றேன்.